மூன்றாம் பாகம் அலமாரிக்குள் இருக்கிறது: வாசகசாலை ஆட்சிக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாசகசாலைத் தலைவர், செயலாளர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

ஜூன் முதல் வாரத்தில் வாசகசாலைக் கதவில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றியது இந்த மடல். அதில் உள்ளதை உங்களுக்கே நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் ஞாயிறு வாசகர் கூட்டம் நிறுத்தப்படுகிறது என்பதும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண் ஏறாத புத்தகங்களை வளாகத்துக்குள் கைமாற்றிக்கொள்ளக் கூடாது என்பதும், ஜன்னலோரத் தட்டில் நாங்கள் வைத்திருந்த எங்கள் சொந்தப் புத்தகங்கள் நாற்பத்து மூன்றும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டுவிட்டன என்பதும் அதன் சாரம். ஜூலையில் 17 பேர் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். ஆகஸ்டு முடிந்தும் பதில் வரவில்லை. ஆகவே, அன்று தனியாகக் கேட்டதை இன்று ஊரறியக் கேட்கிறேன்: அலமாரியைத் திறந்து விடுங்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு, பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, அந்தக் கூடத்தில் நாங்கள் உட்கார அனுமதியுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மே மாதக் கூட்டத்தில், ஒரு நாவலின் நாயகி வீட்டைவிட்டுப் போனது சரியா என்று இருவர் வாதாடப் போய்க் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளறையில் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது இடைஞ்சலாயிற்று. அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். 'பரீட்சை முடிந்ததும் அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுங்கள்' என்று சொல்லி அவரும் சிரித்தார். இடைஞ்சலுக்கு ஆளானவரே முடித்துவைத்த வழக்கை ஆட்சிக்குழு எதற்காக மறுபடியும் கையில் எடுத்தது என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

கூட்டம் என்று பெயரே தவிர, அதில் மேடையோ மைக்கோ பொன்னாடையோ கிடையாது. வட்டமாக உட்காருவோம். இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள், முடித்த பிறகு அதை இங்கே யாருக்குக் கொடுப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் வந்தவர் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் கடினமானது. 'நல்ல புத்தகம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. யாருக்கு நல்லது, ஏன் என்று சொல்லியாக வேண்டும். தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு பயண நூலை முடித்துவிட்டு, பொள்ளாச்சியைத் தாண்டிப் போயிராத தையல்கடைக்காரரிடம் அதைக் கொடுத்தார். அடுத்த மாதம் தையல்கடைக்காரர், அந்த நூலாசிரியர் மொழி தெரியாத ஊரில் தப்பான பேருந்தில் ஏறிய இடத்தை எழுந்து நின்று நடித்தே காட்டினார். முடிவைச் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு இருக்கும் ஒரே சட்டம். கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒரு நீளநோட்டில் எழுதப்படும். பால் சங்கத்தில் 31 ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்பதால் அந்த நோட்டு என் பொறுப்பில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் திரும்பி வராத புத்தகங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று பிறகு என் வீட்டுப் பரணிலேயே அகப்பட்டது.

கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் இருப்பதால் எங்களுக்கு வாய்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தகழியின் 'செம்மீன்' நாவலை மலையாளத்திலேயே படித்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும், அதைச் சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்த அங்கன்வாடி ஊழியர் ஒருவரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிரதிகளையும் விரித்து வைத்துக்கொண்டு, கடற்கரை மக்களின் பேச்சு எந்த இடத்தில் தமிழுக்கு இணங்கி வந்தது, எந்த இடத்தில் வர மறுத்தது என்று வரிவரியாகப் பார்த்தார்கள். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இவருக்கு மலையாள எழுத்துத் தெரியாது. பேச்சு மட்டும் இருவருக்கும் இரண்டும் தெரியும். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் இதே பாலக்காட்டுச் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் இரண்டு மொழிக்காரர்கள் ஒரு கதையைச் சேர்ந்து படித்ததற்கு உங்கள் அறிவிப்பு இட்டிருக்கும் பெயர் 'சத்தம்'.

புத்தகங்களைப் பூட்டியதற்கு நீங்கள் சொல்லும் காரணம், அவை கணக்கில் வராதவை என்பது. எங்கள் பால் சங்கத்திலும் சில நாள் கணக்கில் வராத பால் வந்து நிற்கும். அதற்காகக் கேனை மூடி மூலையில் வைத்துவிட மாட்டோம். அளந்து எழுதிக்கொள்வோம், இல்லையென்றால் ஊற்றியவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்போம். எங்கள் புத்தகங்களுக்கு இவ்விரண்டில் ஒன்றும் நடக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் மூன்று மாதமும் அவை மூடியே கிடந்தன. ராமபாணப் பூச்சிகள் மட்டும் சந்தா கட்டாமல், எண்ணும் கேட்காமல், உள்ளே கூட்டம் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கும்.

இருந்தும் இன்னும் சில மாதம் பொறுத்திருந்திருப்போம். ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது ஆகஸ்டு மாதத்து இரண்டாம் ஞாயிறு.

எங்களில் மூத்தவர் ஓர் அம்மா, 74 வயது. கடலைக்காட்டில் கூலிவேலை செய்தவர். பேரன் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது அவனோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்றவர். கண்புரை அறுவைக்குப் பிறகு, வரியின் கீழே விரலை வைத்து, நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் படிப்பார். ஜனவரியில் ஒரு நாவலின் முதல் பாகத்தை எடுத்தார். அது மூன்று பாகம் கொண்டது. இரண்டாம் பாகத்தை மே கடைசியில் முடித்தார். மூன்றாம் பாகத்தை அவருக்கென்றே கொண்டுவந்து தட்டில் வைத்த ஓய்வுபெற்ற தபால்காரர், இப்போது திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புத்தகமும் இப்போது அச்சில் இல்லை. ஆகவே, அந்த அம்மாவுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே பிரதி, உங்கள் அலமாரியில் இருப்பது.

அறிவிப்பை மலையாளத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறீர்கள். ஜூனில் அவர் வந்தபோது, கதவில் ஏதோ தாள் ஒட்டியிருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அதன் பிறகு ரேஷன் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஒன்றையே கேட்கிறார்: 'அவன் ஊர் திரும்புனானா இல்லையா, அத மட்டும் சொல்லு கண்ணு.' மூன்றாம் பாகத்தைப் படித்தவன் நான். சொல்லக் கூடாது என்பது நாங்களே வகுத்த சட்டம். சட்டத்தை மதிப்பது எவ்வளவு கொடுமையான காரியம் என்பதை 60 வயதுக்கு மேல் உங்கள் தயவில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கும் என்று நம்பி, ஆகஸ்டில் அவர் இரண்டு பேருந்து மாறி மறுபடியும் வந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டிய இரண்டாம் பாகம் துண்டில் சுற்றி மடியில் இருந்தது. நூலகர் நல்ல பிள்ளை. தண்ணீர் கொடுத்தார், சாவி தம்மிடம் இல்லை என்று தலைகுனிந்து சொன்னார். அந்த அம்மா படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே அலமாரி தெரியும். ஐந்து மணிப் பேருந்துக்கு எழுந்தபோது என்னிடம் கேட்டார்: 'பூட்டி வெச்சவங்களாச்சும் அதப் படிக்கறாங்களா, கண்ணு?' அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்ப்பிப்பது என் கடமை, சேர்ப்பித்துவிட்டேன்.

பெண்களுக்கும் முதியோருக்கும் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் திட்டம் ஒன்று கேரள மாநில லைப்ரரி கவுன்சிலில் உண்டு. இரண்டு வகையிலும் அவர் தகுதி உள்ளவர். பையும் அவர் வாசலுக்கு வருகிறது. அதில் இருப்பதெல்லாம் மலையாளப் புத்தகங்கள்.

அந்த அலமாரிக்கு நேர் மேலே பி. என். பணிக்கரின் படம் மாட்டியிருக்கிறது. 1945-ல் 47 நூலகங்களைச் சேர்த்துக் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கியவர். 'வாசித்து வளர்க' என்ற முழக்கத்தோடு ஊர் ஊராக நடந்தவர். அவர் மறைந்த ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாக இந்த ஆண்டும் சிறப்பாகக் கொண்டாடினீர்கள். உறுதிமொழி எடுத்தோம், மைக்கில் நீண்ட உரை கேட்டோம். படத்துக்கு மாலை போட ஏணியைப் பூட்டிய அலமாரியின் மேல்தான் சாய்க்க வேண்டியிருந்தது. நூலகத்துக்கு ஐந்து விதிகளை 1931-ல் வகுத்துத் தந்த சீர்காழி அரங்கநாதனோ, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார், ரிஜிஸ்டரை வைக்கவில்லை.

சொல்லப் போனால், குறை இத்தோடு நிற்பதில்லை. கட்டிட வரியோடு நூற்றுக்கு 5 என்று நூலக வரியை நாங்களும் கட்டுகிறோம். அதில் மொழி பார்த்துத் தள்ளுபடி கிடையாது. ஆனால் நம் தமிழ்த் தட்டில் புதுப் புத்தகம் சேர்ந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நீங்கள் போற்றும் அதே ரிஜிஸ்டரைப் புரட்டினால் தெரியும். மானியப் பணத்தில் வாங்கும் புத்தகங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவிலிருந்து வருகின்றன. அங்கே தமிழ்க் கடையைத் தேடிக் கால் வலித்ததுதான் மிச்சம். கோபாலபுரம் எல்லையைத் தாண்டி, அக்கரையான தமிழ்நாட்டு நூலகத்தில் உறுப்பினராகச் சேரப் போனால், முகவரி கேரளம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். இக்கரையில் மொழி வேறு, அக்கரையில் மாநிலம் வேறு. நடுவில் எங்களுக்கென்று இருந்தது, ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு யாராவது போய்த் தோளில் சுமந்து வரும் பையும், அதைப் பிரித்துப் பங்கிட்டுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத 1969-ம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. வாசகசாலை அரசு அலுவலகம் அல்ல என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். அரசு இறங்கி வந்த அளவுக்கு வாசகசாலையும் வரலாமே என்றுதான் கேட்கிறேன். மடல் எங்கேயோ போகிறது, பொறுத்தருள்க.

கேட்பது சிறியது. அலமாரியைத் திறந்து விடுங்கள். 43 புத்தகங்களுக்கும் எண் வேண்டுமென்றால், தனி ரிஜிஸ்டர் ஒன்றை நானே கோடு போட்டு எழுதித் தருகிறேன். செயலாளர் மாதாமாதம் பார்த்துக் கையெழுத்திடலாம். பி.எஸ்.சி. படிப்பவர்களுக்கு உள்ளறையை விட்டுவிட்டு நாங்கள் திண்ணையில் உட்காரவும் தயார். கூட்டம் உண்டா இல்லையா என்பதை, எதுவானாலும், தமிழிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். வருகிற இரண்டாம் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு நாங்கள் வாசலில் இருப்போம். அன்று யாராவது சாவியோடு வரும்படி ஆட்சிக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் கூடிப் பேசி முடிவெடுக்க நாளாகும் என்றால், ஒன்றை மட்டும் உடனே செய்யுங்கள். அலமாரியின் இரண்டாம் தட்டில், இடது ஓரத்திலிருந்து நான்காவதாக, பச்சை அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். அதை எடுத்து நூலகரிடம் கொடுத்து வையுங்கள். அந்த அம்மா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்; தமிழில் போடுவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் ஞாயிறு வாசகர்கள் சார்பில்,
பால் சங்கத்தின் முன்னாள் கணக்கர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், சித்தூர் தாலுகா