கரடியால் ஊருக்குப் பெயர் வரவில்லை, ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பேர்லின் பயணக் கட்டுரையில் ஒரு வரி: "கரடிகள் திரிந்த காடு என்பதால் இந்நகரம் பேர்லின் எனப் பெயர் பெற்றது." பக்கத்திலேயே நகரத்தின் இலச்சினை என்று ஒரு படம். சிவப்புப் பின்னணி, குறுக்கே மஞ்சள் பட்டை, அதன்மேல் நாலு காலில் ஏறிப்போகும் கறுப்புக் கரடி. ஐயா, அது சுவிஸின் பேர்ண் நகரத்து இலச்சினை. என் தங்கை அங்கேதான் இருக்கிறாள். இதழ் எனக்கு முந்தி அவளுக்குக் கிடைத்துவிட்டது. "அண்ணா, உங்கட ஊரை எங்களுக்கு எழுதித் தந்திட்டாங்கள்" என்று ரெலிபோனில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேர்லின் கரடி வெள்ளைப் பின்னணியில் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும். நாக்கும் நகமும் சிவப்பு. தாங்கள் அறியாததல்ல. பெயர்க் கதையும் தங்களுக்குத் தெரிந்ததுதான், கட்டுரையாளருக்குத்தான் தெரியவில்லை. பழைய சிலாவிய மொழியில் சதுப்பு நிலத்தைக் குறித்த 'பெர்ல்' என்ற வேரிலிருந்து வந்த பெயர் அது. ஜேர்மன் மொழியில் கரடிக்கு 'பேர்' என்று பெயர். ஓசை ஒத்துப்போகவே கரடி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பேர்லினைச் சூழ்ந்த பிராண்டன்பூர்க் நாட்டை ஆண்ட 'கரடி' அல்பிரெக்ட்டின் நினைவாக வந்தது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஊர் முதல், கரடி பிறகு.

சந்தேகமிருந்தால் நகரத்தின் பழைய முத்திரைகளைப் பாருங்கள். 1253ஆம் ஆண்டு முத்திரையில் கரடியே கிடையாது, பிராண்டன்பூர்க் ஆட்சியாளரின் சின்னமான கழுகு மட்டும்தான். கரடி முதலில் தலைகாட்டுவது 1280இல், மிருகத்தோலில் மேலங்கி தைப்பவர்களின் சங்கத்துக்குக் கொடுத்த பத்திரத்தின் முத்திரையில். (தோல்காரரின் பத்திரத்தில் போய்க் கரடி அறிமுகமாகியிருக்கிறது, பாவம்.) அதிலும் நடுவில் கழுகுதான், கரடிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் காவல் நிற்கின்றன. பிறகு 1440களில் 'இரும்புப் பல்லர்' என்று பெயரெடுத்த பிராண்டன்பூர்க் ஆட்சியாளர் இரண்டாம் பிரெடெரிக் வந்து நகரத்தின் உரிமைகளைப் பறித்து, ஆற்றங்கரையில் தன் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1448இல் சனம் எழும்பி, மதகைத் திறந்து, கோட்டை அத்திவாரத்துக்குள் தண்ணீரை விட்டது. பலிக்கவில்லை. அதன் பின்னர் வந்த முத்திரையில் கரடி நாலு காலில் நடக்கிறது, அதன் முதுகில் கழுகு நகத்தை ஊன்றிக்கொண்டு ஏறி நிற்கிறது. யார் தோற்றார்கள் என்று சரித்திரப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 1709இல் கரடி மறுபடி எழுந்து நின்றது, ஆனால் கழுத்தில் பட்டி, தலைக்கு மேல் இரண்டு கழுகு. அந்தப் பட்டியைக் கழற்ற 1875 வரை ஆயிற்று. இவ்வளவும் நடந்த ஒரு கரடியை "காட்டில் திரிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

இதில் உனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் 1984இல் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ட்ராச நிலையத்தில் ரயிலேறி மேற்குக்கு வந்தவன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வந்த வழி அது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் கடதாசியின் அடியில் வட்டமாக ஒரு நீல முத்திரை. மை ஊறி, நடுவில் ஏதோ ஒரு மிருகம். நாய் என்று நினைத்தேன். மடித்து மடித்து அது நாலு துண்டாகப் போகும் நிலைக்கு வந்த பிறகுதான், பக்கத்துக் கட்டிலில் இருந்த வல்வெட்டித்துறைப் பெடியன் சொன்னான், "அண்ணை, அது கரடி" என்று. சில வருடம் கழித்து மகளின் பிறப்புப் பத்திரத்தை ஓர் அலுவலகத்தில் கொடுத்தபோது திருப்பித் தந்துவிட்டார்கள். முத்திரை சரியாக விழாததால் கரடிக்குத் தலை இல்லையாம். தலையில்லாத கரடி செல்லாது! அரை நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறிப் போய்த் தலையோடு ஒன்று குத்திக்கொண்டு வந்தேன். இலச்சினையில் அந்தக் கரடி நிற்கும் கேடயத்தின் மேல் இருப்பது 1954இல் மேற்கு பேர்லின் வைத்த ஐந்து இலைக் கிரீடம். கிழக்கில் கரடி, கோட்டை மதில் போல் செய்த பழைய கிரீடத்தோடேயே இருந்தது. ஒரே ஊரில் ஒரே கரடிக்கு இரண்டு தொப்பி. இதையெல்லாம் எழுத ஆள் இல்லாமலா ஒரு வாரம் சுற்றிப்பார்த்தவரிடம் கட்டுரை வாங்கினீர்கள்?

இது முதல் தடவையும் அல்ல. மூன்று வருடத்துக்கு முன் பேர்லின் மதில் 1990இல் விழுந்ததாக எழுதினீர்கள். மதில் திறந்தது 1989 நவம்பர் 9 இரவு. அன்று நான் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தெருவில் கேட்ட சத்தத்தில் முதலாளியே அடுப்பை விட்டு வெளியே ஓடினார். 1990 ஒக்டோபரில் நடந்தது இரு நாடுகளின் இணைப்பு. இதை விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். தாங்கள் அதைப் பெருந்தன்மையோடு இரண்டு வரியாக்கி, "கட்டுரை அருமை" என்ற பகுதியை மட்டும் போட்டீர்கள். நன்றி. அதற்கு முந்திய தீபாவளி மலரில் என் பெயரோடு வேறு யாருடைய படமோ வந்தது. அதைப் பற்றி நான் இதுவரை மூச்சு விட்டதில்லை.

இப்போது கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமும் சரியான படமும் போட்டால் போதும். படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நிமிர்ந்து நிற்கிறதுதான் மேல்பக்கம். கூடவே, சந்தாப் பணம் கட்டியும் எனக்கு வந்து சேராத மார்ச் இதழையும் அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும். விலாசத்தில் பேர்லின், ஜேர்மனி என்று எழுதவும். பேர்ண் வேண்டாம்.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்,
பேர்லின்