மலையடிவாரத்தில் நிலம் தேடுவோருக்கு எர்ணாவூரிலிருந்து ஒரு மடல்

கூட்டுவாழ்வுக்காக நிலம் தேடிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் மூன்று பேர் வடசென்னை எர்ணாவூரில் எங்கள் தெருவுக்கு வந்து துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போனீர்கள். மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர், மண் சுவர் வீடுகள், பொதுச் சமையல், கிணற்று நீர், மிதிவண்டி, முடிந்தவரை மின்சாரம் இல்லாத வாழ்க்கை. பூமி சூடேறுகிறது, நகரம் இனித் தாங்காது, எளிய வாழ்வுக்குத் திரும்புவோம் என்று எழுதியிருந்தீர்கள். கேலி செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. நீங்கள் சொல்லும் ஆபத்து எங்கள் கூடத்துச் சுவரிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், இடுப்பளவில் ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அது மங்கலாகத் தெரிகிறது.

'திரும்புவோம்' என்ற சொல்தான் என்னை உறுத்தியது. நான் பிறந்தது பழைய வண்ணாரப்பேட்டையில், ஒன்பது குடும்பங்கள் இருந்த ஒரு வளவில். ஒரு கிணறு, இரண்டு கழிப்பறை, ஒரே ஆட்டுக்கல். உங்கள் துண்டறிக்கையில் இருப்பதில் முக்கால்வாசி அங்கே இருந்தது. ஒண்டுக்குடித்தனம் என்று அதற்குப் பெயர். பெயரிலேயே பெருமை ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக் குழம்பு கிண்ணத்தில் ஏறி நாலு வாசல் போகும், எந்தப் பிள்ளையும் எந்த வீட்டிலும் சாப்பிடும், அதெல்லாம் உண்மை. மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன் தண்ணீர் சேந்துவதற்காக என் அம்மா விடிகாலை மூன்றரைக்கு எழுந்ததும் உண்மை. வெகுநாள் கழித்து வெட் கிரைண்டர் வாங்கிய அன்று அம்மா அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். எந்த இயந்திரம் வேண்டாம் என்று நீங்கள் தீர்மானம் போடும் கூட்டத்தில், பதினைந்து பேருக்கு மாவரைத்த கை ஒன்றாவது இருக்கட்டும்.

எளிய கருவிகளைப் பற்றி எங்களுக்கு வேறொரு பாடமும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரைக்கு வந்த எண்ணெயை எதைக் கொண்டு அள்ளினார்கள் தெரியுமா? வாளியைக் கொண்டு. ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து, மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோதும் மீனவர்கள் படகில் போய் வாளியிலும் மக்கிலும்தான் மொண்டார்கள். அதே 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உர ஆலைக்காகக் கடலுக்கடியிலிருந்த குழாயில் அமோனியா கசிந்தது. ஜனங்கள் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஆலைக்கு நவீனக் கருவி, அது கெட்டால் எங்களுக்கு வாளி. ஆகவே எளிய தொழில்நுட்பம் என்று கேட்டாலே இங்கே பலருக்கு முகம் சுருங்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் நீங்கள் தேடுவது இங்கே இருக்கிறது, வேறு உருவத்தில். எண்ணூர்க் கழிமுகத்திலும் வடக்கே பழவேற்காடு ஏரியிலும் மீன்பிடிக்கப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. தண்ணீர் யாருக்கும் பட்டா இல்லை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல மடு ஒருவனிடமே நிற்காது, சுற்றி வரும். முறை தவறினால் ஊர் கேட்கும். மண் சுவரும் சூரிய அடுப்பும் இல்லாமல், இருப்பதைத் தீர்த்துவிடாமல் பகிர்ந்துகொள்ளத் தலைமுறை தலைமுறையாக ஓர் ஏற்பாடு. அதில் குறை இல்லாமலும் இல்லை: பழவேற்காட்டில் பாடு, பட்டினவர் என்ற மீனவச் சமூகத்துக் குப்பங்களின் உரிமையாகவே வந்தது, மற்றவர்கள் பங்கு கேட்டபோது சச்சரவு மூண்டது. பறி என்ற மீன் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவும் இருளர் பெண்கள் அந்தக் கணக்குக்கு வெளியேதான். உங்கள் ஐந்து ஏக்கரில் பங்கு வாங்கப் பணம் இல்லாதவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முறை வருகிறது, மீன் வருவதில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல், குழாய் உடைந்த இடங்களிலெல்லாம் கொசஸ்தலை ஆற்றில் படிந்து ஆறு மேடாகிவிட்டது. நீங்கள் மலையடிவாரத்தில் விளக்கை அணைப்பதால் அந்தச் சாம்பல் ஒரு கூடைகூட குறையாது.

சமையலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் துண்டறிக்கையில் அதற்கு ஒரே வரிதான். வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் நான்கு நாள் பொது அடுப்பு எரிந்தது. சிலிண்டர்கள் மிதந்துகொண்டிருந்தன, என் வீட்டு மொட்டை மாடியில் மூன்று கல் வைத்து, உடைந்த கட்டில் சட்டங்களை எரித்து, கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் சோறு வடித்தோம். பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. அப்படியே தொடரும் என்றுதான் நான் நம்பினேன். ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது, அடுப்பும் அணைந்தது. ஏன் என்று பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். எதிர் வீட்டு அக்கா சொன்னது இதுதான்: "சமைக்கும்போது பத்து பேர் நின்றீர்கள், அண்டா கழுவும்போது நானும் என் மகளும்தான் நின்றோம்." வெட்கமாக இருந்தது. அந்த நான்கு நாளும் நான் விறகு பிளந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

மீனவர்களின் 'பாடு' வழக்கத்தில் இருக்கிற முறை எங்கள் அடுப்பில் இல்லை. உங்கள் துண்டறிக்கையிலும் அதைக் காணவில்லை. சுவர் எந்த மண்ணில் எழும்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எந்த நாள் கழுவுவது, கழுவாதவனை யார் கேட்பது, வயதானவருக்கும் கர்ப்பிணிக்கும் எத்தனை நாள் விலக்கு என்பது எழுதப்படவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். எர்ணாவூரில் நான்கு வீடு வாடகைக்குப் பார்த்துத் தருகிறேன். கொசு அதிகம், வாடகை குறைவு. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள் மறுபடி பொது அடுப்புக்குச் சம்மதித்திருக்கின்றன, வாரத்துக்கு மூன்று இரவு மட்டும். நிபந்தனை பெண்கள் போட்டது: கழுவும் முறை ஆண்களிடமிருந்து தொடங்க வேண்டும். முறை வைப்பது எப்படி என்று சொல்லித்தர, மீனவர் ஊரான காட்டுக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆற்றுச் சாம்பலைப் பற்றி மனு எழுதவும், அலுவலகங்களுக்கு அலையவும் உங்களைப் போல் படித்த ஆட்கள் எங்களுக்குத் தேவை. ஆறு மாதம் கழித்தும் மலைக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள், நானே வந்து வழியனுப்புகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சமையல். அண்டா இன்னும் மாடியில்தான் கவிழ்ந்து கிடக்கிறது. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. தேய்க்கச் செங்கல் தூளும் தேங்காய் நாரும் எடுத்து வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். முதல் முறை என்னுடையது, இரண்டாவது உங்களுடையது.

அன்புடன்,
எர்ணாவூர்வாசி ஒருவன்