சித்தப்பாவுக்கு, மான்செஸ்டரிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் சித்தியும் எப்படி இருக்கிறீர்கள்? கோத்தகிரியில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டதாகத் தம்பி சொன்னான். காலையில் குல்லா போடாமல் பால் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

அவ்வளவு பணக்கார நாட்டில் தெருவில் படுப்பவர்கள் உண்டா என்று போனில் கேட்டீர்கள். பஸ் வந்துவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உண்டு சித்தப்பா. நைட் டியூட்டி முடிந்து வரும் வழியில் பார்க்கிறேன். பூட்டிய கடை வாசலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்திருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாதவர், அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்தவள், விடுதியில் வளர்ந்து 18 வயதில் போக்கிடமில்லாமல் வெளியே வந்த பையன் என்று எல்லாரும் இருக்கிறார்கள்.

இவர்களுக்காக இந்த ஊரிலேயே ஒரு தொண்டு நிறுவனம் நடக்கிறது. அதன் ஆட்கள் இரவில் பிளாஸ்க்கோடு வருவார்கள். ஒரு நாள் நின்று பார்த்தேன். நின்றபடி நீட்டிவிட்டுப் போவதில்லை. அந்த ஈரத் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பேர் கேட்டு, "சர்க்கரை எவ்வளவு போடட்டும்?" என்று விசாரித்துவிட்டுத்தான் டீ ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. மாதாமாதம் 10 பவுண்டு என் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் வரி கட்டுகிறவள் என்பதால் ஒரு படிவத்தில் சம்மதம் சொன்னால் போதும், 10 பவுண்டுக்கு அரசாங்கம் இரண்டரை பவுண்டு சேர்த்துக் கொடுத்துவிடும். பணம் எங்கே போகிறதோ என்ற உங்கள் சந்தேகமும் நியாயம்தான். இங்கே பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களின் வரவு செலவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

பழைய துணியைக் கொடுத்தால் போதாதா என்று சித்தி கேட்பார். துணி நிறைய வந்து குவிகிறதாம். ஆனால் முகவரி இல்லாதவருக்கு பேங்க் கணக்குத் திறக்க, அடையாள அட்டை எடுக்க, டாக்டரிடம் பதிய, கூடவே அலைய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதற்குப் பணம்தான் வேண்டும், அதுவும் மாதம் தவறாமல்.

பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து கப்பலேறி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர் முகாமில் தங்கி, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு தகரப்பெட்டிதானே இருந்தது? முதல் குளிருக்குக் கம்பளி கொடுத்தவரின் பேர்கூடத் தெரியாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, பிள்ளைகள் திருப்பூர் பக்கம் போய்விட, ஒண்டியாக நிற்கிற பெரியவர்கள் ஊட்டியிலும் இருக்கிறார்கள். அவர்களை வைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்றை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். சமையலறையையும் மாத்திரை வைத்திருக்கும் இடத்தையும் கட்டாயம் பாருங்கள். பெரியவர்களிடம் தனியாகவும் பேசுங்கள். திருப்தியாக இருந்தால், அப்பா திதிக்கு நான் அனுப்பும் பணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் கட்டிவிடுங்கள். ஒரு நாள் வடை பாயசத்தைவிட, தினசரி பிரஷர் மாத்திரை அவர்களுக்கு அவசியம். ரசீது மட்டும் கேட்டு வாங்கி, தம்பியிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

சித்தியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அடுத்த போனில் அவரிடமும் பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்
மாலதி