எட்டு மணிக் குளிசை: பொலிஸ் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொலிஸ் மா அதிபர் அவர்களுக்கும், மலையகப் பொலிஸ் நிலையங்களுக்குப் பொறுப்பான உயரதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை நான். என் தம்பிக்கு 31 வயது. பத்து வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கிறான். காலையில் ஒரு குளிசை, இரவு எட்டு மணிக்கு இரண்டு, மாதம் ஒரு ஊசி. மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் அவன் கொழுந்து லொறிக்கு மூட்டை ஏற்றுவான், அம்மாவுக்கு விறகு வெட்டித் தருவான், யாரோடும் வம்புக்குப் போகமாட்டான். போன மாதம் மண் சரிந்து பாதை மூடியதால் பஸ் ஓடவில்லை. கிளினிக்குக்குப் போக முடியவில்லை. ஊசி மூன்று வாரம் தள்ளிப்போனது.

அந்த மூன்றாவது வாரத்தில், ஒரு ராத்திரி, தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்திக்கொண்டு லயத்துக் காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டான். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. பக்கத்துக் காம்பராவில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயந்துபோன யாரோ 119க்கு அழைத்தார்கள். அதை நான் பிழை சொல்லமாட்டேன். கத்தியைக் கண்டால் எவருக்கும் பயம் வரும், பொலிஸ்காரருக்கும் வரும். 1926 என்று மனநலத்துக்கென்றே 24 மணி நேரமும் ஒரு இலக்கம் இருப்பது எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஜீப் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அதற்குள் அம்மா ஜன்னலோரம் நின்று பேசிப் பேசி அவனைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார். கத்தி கட்டிலுக்குக் கீழே போயிருந்தது. அந்த நேரம்தான் டோர்ச் வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது, சிங்களத்தில் சத்தம் எழுந்தது, கதவு உடைந்தது. கொல்ல வருகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தவன் முன்னால் நாலு பேர் பொல்லோடு நின்றால் அவன் என்ன நினைப்பான்? அடித்தார்கள். விலங்கு போட்டார்கள். "பிஸ்ஸு", பைத்தியம், என்று ஒருவர் சொன்னது லயம் முழுக்கக் கேட்டது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 63 வயது. வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் குளிசை எந்த நேரம் என்பது அவருக்கு மனப்பாடம். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு முச்சக்கரவண்டியில் ஜீப்புக்குப் பின்னாலேயே பொலிஸ் நிலையத்துக்குப் போனார். தம்பியின் காலை வாங்கோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். கதவுக்கு வெளியே நின்றால் அவன் தெரிவான். அம்மாவுக்கு இருக்கிற சிங்களம் இரண்டே சொல்: மாத்தயா, பெஹெத். ஐயா, மருந்து. அந்த இரண்டையும் சொல்லிக் கொப்பியை நீட்டினார். காவலில் நின்றவர் அம்மாவுக்குத்தான் மருந்து வேண்டும் என்று நினைத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் பூட்டியிருந்த பார்மசியைக் கை காட்டினார். அம்மா மறுபடியும் சொன்னார். அவர் மறுபடியும் பார்மசியைக் காட்டினார். கொப்பியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் அவனுடைய நோயின் பெயரும் மருந்தின் பெயரும் டாக்டரின் கையெழுத்தும் இருந்தன. விடியும்வரை அம்மா அந்தப் படிக்கட்டில் பனிக்குள் உட்கார்ந்திருந்தார். மகனுக்கும் குளிசைக்கும் இடையில் எட்டு, பத்து அடி தூரம்தான். பத்து மணி நேரம் அந்தக் குளிசை அவனிடம் போகவில்லை.

நான் வேறு மாவட்டத்தில் வேலை செய்கிறேன். ராத்திரி நிலையத்துக்கு போன் எடுத்தேன். காலையில் வரச் சொன்னார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேரும்போது ஏழு மணி தாண்டிவிட்டது. காலை முறைக்கு வந்திருந்த ஒரு இளம் கான்ஸ்டபிள் தரையில், தம்பிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தமிழ் பிள்ளை. "தம்பி, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொறுப்பதிகாரியிடம் கேட்டு விலங்கைக் கழற்ற வைத்தவரும் அவர்தான். அம்மா கொடுத்த குளிசையைத் தம்பி அவர் கையாலேயே வாங்கிக் குடித்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு யாரும் இதற்கென்று பயிற்சி கொடுக்கவில்லை. மொழி தெரிந்திருந்தது, மனசு இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை ராத்திரி முறையில் இருந்திருந்தால் என் தம்பியின் விலா எலும்பு உடைந்திருக்காது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மலையகத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும், பகலோ இரவோ, மன நெருக்கடியில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி பெற்ற, தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவராவது கடமையில் இருக்க வேண்டும்.

உலகத்தில் இல்லாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் 1987 இல் மனநோயால் பாதிக்கப்பட்ட ஒரு இளைஞரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். ஊர் கொதித்தது. அடுத்த வருடமே அந்த நகரப் பொலிஸார், நோயாளிகளின் குடும்பங்களையும் மனநல வைத்தியர்களையும் கூட்டி உட்கார வைத்து, இதற்கென்றே ஒரு அணியை அமைத்தார்கள். தாங்களாக விரும்பி முன்வருகிற பொலிஸாருக்கு 40 மணி நேரப் பயிற்சி. குரலைத் தாழ்த்துவது, தள்ளி நிற்பது, அவசரப்படாமல் இருப்பது, நோயாளிகளின் வீட்டாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது எல்லாம் அதில் அடங்கும். கூட்டிவரும் நோயாளியைத் திருப்பி அனுப்பாமல் ஏற்றுக்கொள்ள ஒரு வைத்தியசாலையும் ஒத்துக்கொண்டது. 40 மணி நேரம் என்றால் ஒரு வேலை வாரம். பக்கத்து இந்தியாவில் 2017 இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், இப்படிப் பொலிஸார் பொறுப்பேற்ற மனநோயாளி ஒருவரைக் காவலறையிலோ சிறையிலோ அடைக்கக்கூடாது என்றே சொல்லிவிட்டது.

நம் நாட்டில் இன்னும் 1873 ஆம் ஆண்டு மனநோய்க் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. இந்த நாட்டின் முதல் தேயிலைத் தோட்டமான லூல்கந்துரையில் தேயிலை நட்டு ஆறே வருடம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் பூட்டன், பூட்டி இந்த மலைக்கு நடந்தே வந்த காலத்தில் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் யாரை எந்த நிலையத்தில், எந்த முறையில் போடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத வரலாறும் இல்லை. 2009 ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் மனநலம் பாதிக்கப்பட்ட ஒரு தமிழ் இளைஞர் கடலுக்குள் நின்று கைகூப்பிக் கெஞ்சியதையும், பொல்லால் அடிபட்டு மூழ்கியதையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2020 இல் தர்கா நகரில் ஆட்டிசம் உள்ள 14 வயதுச் சிறுவன் பொலிஸாரால் தாக்கப்பட்ட செய்தி வந்தது. ஒவ்வொரு முறையும் விசாரணை என்கிறார்கள், இடைநிறுத்தம் என்கிறார்கள். அடுத்த தடவை ஜீப்பில் வருகிறவருக்கு வேறு மாதிரி நடந்துகொள்ள யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதைத்தான் நான் கேட்கிறேன்.

கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆனால் கோபத்துக்குக் காரணம் இந்த ஒரு இரவு மட்டும் இல்லை. 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர். அப்படியிருந்தும் தபால் கந்தோரில், ஆஸ்பத்திரியில், பிரதேச செயலகத்தில், எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் இன்னொருவரைக் கையோடு கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்தால் அதைத் திருத்த ஒரு நாள் பேர் போடாமல், அந்த நாள் சம்பளத்தை விட்டு, அலைய வேண்டும். வாசிக்க முடியாத வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். சுகமாக இருப்பவருக்கே இந்தப் பாடு. தன் பெயரையே மறந்து நடுங்கிக்கொண்டிருப்பவர் தெரியாத மொழியில் போடும் கட்டளைக்கு எப்படிக் கீழ்ப்படிவார்?

சரி, நான் கேட்க வந்ததுக்குத் திரும்புகிறேன். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் என்று உங்கள் நிலையங்களில் தனி மேசை போட்டிருக்கிறீர்கள். அடிபட்டு வரும் ஒரு பெண் இன்று யாரிடம் போய்ப் பேசுவது என்றாவது தெரிந்துகொண்டு வருகிறாள். அதே மாதிரி, மன நெருக்கடிக்கென்று பயிற்சி பெற்ற ஒரு தமிழ் பேசும் உத்தியோகத்தரை நிலையத்துக்கு ஒருவராகப் போடுங்கள். அவர் வரும்வரை, ஆபத்து இல்லாத இடத்தில், வீட்டாரைப் பேச விடுங்கள். கிளினிக் கொப்பியை நீட்டினால் திறந்து பாருங்கள். காவலறைக்குக் கொண்டுபோகும் முன் ஆஸ்பத்திரிக்கு அழையுங்கள். எங்கள் பகுதியில் மனநல வைத்திய அதிகாரிகள் இருக்கிறார்கள், சமூக மனநலத் தாதியர் இருக்கிறார்கள். பயிற்சி கொடுக்க அவர்களைக் கேட்டால் முடியாது என்று சொல்வார்கள் என்று நான் நம்பவில்லை. அந்த இளம் கான்ஸ்டபிள் மாதிரி பிள்ளைகளையே முதலில் தெரிவு செய்யுங்கள்.

தம்பி இப்போது வீட்டில் இருக்கிறான். ஊசி போட்டாகிவிட்டது. பெரிய வாகனச் சத்தம் கேட்டால் மட்டும் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறான். அம்மா என்னிடம் ஒரு சிங்கள வசனம் சொல்லித் தரச் சொன்னார். "மகே புதாட்ட பெஹெத் தென்ன ஓன", என் மகனுக்கு மருந்து கொடுக்க வேண்டும். எட்டு மணிக்கு அவனுக்குக் குளிசை கொடுக்கும்போது ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிப் பார்க்கிறார், மறந்துபோகக்கூடாது என்று.

உங்கள் பதிலைத் தாழ்மையுடன் எதிர்பார்க்கிறேன். தயவுசெய்து தமிழில் அனுப்புங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மலையகத்து ஆசிரியை ஒருத்தி