குழாயை மூடச் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் வரும் பி.எட். மாணவ ஆசிரியர்கள் நீர் பற்றிப் பாடம் எடுக்கும்போது, அவர்களில் பெரும்பாலோரின் பாடக்குறிப்பு 'பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள்' என்ற அறிவுரையைத் தாண்டுவதில்லை. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டபோது, 'மோட்டாரிலிருந்து' என்பதற்கு மேல் அந்தப் பயிற்சி ஆசிரியரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

நம் நாட்டில் எடுக்கப்படும் நீரில் பெரும்பங்கு பாசனத்துக்கே செல்கிறது. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. ஓராண்டில் நிலத்தடியில் ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்படும் பகுதிகள் 'அதிநுகர்வு' என வகைப்படுத்தப்படுகின்றன. தாம் பாடம் நடத்தும் பள்ளி எந்த வகைப் பகுதியில் இருக்கிறது என்பதை அறியாமல் நீரின் நீடித்த பயன்பாட்டைக் கற்பிப்பது, என் பார்வையில், வெறும் முழக்கம் எழுதுவதே.

தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். அப்படியானால் 200 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் பெய்யும் மழை 1,80,000 லிட்டர். ஆவியாதல், கசிவு என ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,44,000 லிட்டர் மிஞ்சும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கைப் பாடக்குறிப்பில் எழுதிவந்தவரை நான் கண்டதில்லை. வகுப்பறைச் சுவரில் இறங்கும் மழைநீர்க் குழாய் பாதியில் உடைந்து சிமெண்டுத் தளத்தில் கொட்டிக்கொண்டிருப்பதும் (இது பல பள்ளிகளில் காணும் காட்சிதான்) அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இதற்கு மாணவ ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. சுற்றுச்சூழல் கல்வியை அவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பாடமாகவே கல்லூரியில் படித்துவிட்டு வருகிறார்கள். கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியின் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணறு, தொட்டி, கழிப்பறை, சத்துணவுக் கூடம் ஆகியவற்றில் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் புழங்குகிறது என்று மாணவர்களோடு சேர்ந்து அளந்து எழுதும் நீர்க் கணக்கெடுப்பைச் செய்முறைப் பதிவேட்டில் சேர்த்து, அதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண்ணும் வழங்கலாம். கூடுதல் செலவில்லாத இந்த மாற்றத்தை வரும் கல்வியாண்டிலேயே கொண்டுவருமாறு தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்