லிங்கன் வாசகம் தேவையில்லை

ஆசிரியருக்கு,

அமெரிக்க எழுத்தாளர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ பற்றிய தங்கள் கட்டுரை, அமெரிக்க உள்நாட்டுப் போரைச் சுட்டி, ‘பெரும் போரை மூட்டிய சிறிய பெண்மணி’ என்று அதிபர் லிங்கன் அவரை வரவேற்றதாகக் கூறுகிறது. அதற்குச் சமகாலப் பதிவு இல்லை. பல்லாண்டு கழித்தே அச்சேறிய குடும்பக் கதை அது. ஸ்டோவின் செல்வாக்குக்கு இந்த அலங்காரம் எதற்கு? தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க வட மாநிலத்தவரும் துணைநிற்க வேண்டும் என்ற 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதான சீற்றத்தில் பிறந்தது, அடிமை முறையைச் சாடும் அவருடைய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவல். 1851 ஜூன் முதல் வார இதழில் தொடராக வந்து, 1852 மார்ச்சில் நூலானது. ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 3 லட்சம் படிகள் விற்றன.

எல்லாம் கற்பனை என்று தென் மாநிலத்தார் ஏசியபோது, நீதிமன்றத் தீர்ப்புகளையும், தப்பியோடியவர்களின் தழும்புகளை அடையாளமாகக் குறித்த நாளிதழ் விளம்பரங்களையும் திரட்டி, 1853-இல் தனி நூலாகவே பதில் தந்தார். அவரைப் பற்றிப் பேசுவோர் பலரும் அதைத் தொடுவதே இல்லை. அடுத்த முறை லிங்கன் வாசகத்தை விடுத்து, அந்த விளம்பரங்களில் இரண்டையேனும் தமிழில் வெளியிடலாம்.