அமெரிக்க நடனக் கலைஞர் டிரிஷா பிரௌனுக்கு, மார்ச் 18

அன்புள்ள டிரிஷா,

நீங்கள் மறைந்த நாள் இன்று. நியூயார்க்கில் நீங்கள் ஆடிய ஜட்ஸன் தேவாலயம், சோஹோ மொட்டைமாடிகள், ஓவியர் ராஷன்பெர்க்கின் நட்பு எல்லாம் நீங்கள் அறிந்தவை. உங்கள் கட்டை விரலைப் பற்றி மட்டும் பேசவேண்டும்.

1971-இன் ‘அக்யுமுலேஷன்’: அசைவுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும் உங்கள் நடனம். முஷ்டியை மடக்கி, கட்டை விரலை நீட்டிச் சுழற்றுவது முதல் அசைவு. ஏழெட்டு முறை. பிறகு ஒன்று, இரண்டு. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆடும்போது புதிதாகச் சேரும் அசைவு யாரையும் கவிழ்ப்பதில்லை; கடைசி அசைவிலிருந்து முதலாவதற்குத் திரும்பும் ஒட்டில்தான் தடுமாற்றம். அசைவு கூடக்கூட அந்த ஒட்டும் புதிதாகிறது: இரண்டிலிருந்து ஒன்றுக்கு, மூன்றிலிருந்து ஒன்றுக்கு. பழகின ஒட்டு அடுத்த சுற்றுக்கு உதவாது.

இதை எண்ணிக்கை போட்டுக் கற்பிப்பதற்கு மன்னியுங்கள். வேறு எப்படிக் கற்பிப்பது, நீங்களே சொல்லுங்கள்! எண்ணினால் ஒவ்வொரு அசைவும் வெட்டுப்பட்டு நிற்கிறது, தோள் ஏறிக்கொள்கிறது. எண்ணாவிட்டால் வரிசை கலைகிறது.

அதன்மேல் 1973-இல் பேச்சைச் சேர்த்தீர்கள். 1979-இல் ‘வாட்டர்மோட்டர்’ நடனத்தையும் இடையிடையே செருகினீர்கள்: இரண்டு கதை, இரண்டு ஆட்டம், மாற்றி மாற்றி. பேசிக்கொண்டே ஆடினால் வாக்கியம் முடிகிற இடத்தில் கையும் முடியப் பார்க்கும். மூச்சு வாங்கும்போது விரல் நின்றுவிடும். உங்கள் விரல் நிற்கவில்லை. பாதிக் கதையில் உடம்பு சட்டென்று தளர்ந்து வாட்டர்மோட்டருக்குள் பாய்கிறது. திரும்பி வந்தால் விட்ட அசைவு விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. நான்கையும் ஒரே தலையில் வைத்திருந்தீர்கள். அந்தத் தலைக்குக் கடைசி ஆண்டுகளில் வந்த நோயைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். நாலு பேர் படிக்கிற இடம். உங்கள் வீட்டாரும் படிக்கலாம்.

ஆனால் வாட்டர்மோட்டர் விஷயத்தில் எனக்கு ஆறவில்லை. 1978-இல் திரைப்படக் கலைஞர் பாபெட் மங்கோல்ட் அதைப் படம்பிடித்தபோது, மெதுவாக ஓடும்படி விநாடிக்கு 48 சட்டகமாக இன்னொரு முறையும் எடுத்தார். அந்த மெதுவிலும் அசைவு எங்கே பிறக்கிறது என்று பிடிபடவில்லை. முழங்காலா, தலையா? ஒன்று தொடங்குவதற்குள் இன்னொன்று அதை அழித்துவிடுகிறது. பார்க்கிறவருக்கு விருந்து, கற்கிறவருக்குக் கஞ்சத்தனம். தெரிந்தேதான் செய்தீர்கள்.

1994-இல் வேறொரு நடனத்தை முழுக்க அவைக்கு முதுகு காட்டியே ஆடினீர்களே, அதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளலாம். தண்டுவடம் எங்கே முதலில் திரும்புகிறது, கை எப்போது பின்தொடர்கிறது என்று அதில் ஒளிவில்லாமல் தெரிகிறது. வாட்டர்மோட்டர் கற்க வருகிறவர்களை முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். இந்த வரிசை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை.

அன்புடன்.